தள்ளிக்கொண்டு போக ஒரு சைக்கிள்

பிறந்த குழந்தை அழுகிற அழுகையிலும் குறை கண்டுபிடிக்கிற ஒருவரை நான் அறிந்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களிலும், எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களிலும் பிரசவம் பார்த்த நர்சம்மா அவர். குழந்தை வெளியே வந்து மெல்லக் குரல் கொடுத்ததும் வீட்டார் சிரிப்பார்கள், சர்க்கரை எடுக்க ஓடுவார்கள். நர்சம்மா மட்டும் சிரிக்க மாட்டார். "இதென்ன அழுகை, பூனைக்குட்டியாட்டம்? நல்லா அழோணுஞ் சாமி" என்று அதன் பாதத்தைச் சுண்டுவார். அது முகம் சிவந்து, லயன் முழுக்கக் கேட்கும்படி வீறிட்ட பிறகுதான் துணியில் சுற்றித் தாயிடம் கொடுப்பார். கொடுக்கும்போதே, துணியைச் சரியாக அலசவில்லை என்று அந்த வீட்டு மாமியாருக்கும் ஒரு வார்த்தை போய்ச் சேரும்.

எங்கள் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுக்க என் மனைவி பயப்படுவாள். "தூளு நல்ல தூளுதானுங்க, தண்ணிதான் கொதிக்கல" என்பார். கொதிக்க வைத்துக் கொடுத்தால் பால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் எல்லோரும் பாதிரியாருக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கையில், இவர் மட்டும், "பிரசங்கம் நல்லா இருந்துச்சுங்க ஐயரே, முடிக்க வேண்டிய எடந்தான் வந்துச்சு, நீங்க நிக்காமப் போயிட்டீங்க" என்றார். பாதிரியார் நல்ல மனிதர். அடுத்த வாரம் சீக்கிரம் முடித்தார். அதற்கும் நர்சம்மா ஏதோ சொன்னதாகக் கேள்வி.

இப்படிப்பட்டவரிடம் நான் வகையாக மாட்டிக்கொண்டேன். மொபெட் மலைக்கு வந்த புதிது அது. பஸ் நிலையத்துக்குக் கீழே சரிவில் எனக்கு ஒரு பட்டறை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, அவ்வளவுதான் என் தொழில். ஊரில் பாதிக் கேட் என் கேட் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு நாள் காலை, ஒரு பழைய ஆண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நர்சம்மா படியிறங்கி வந்தார். இறங்கினார் என்றா சொன்னேன்? ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பி நின்று, நல்ல காலை முதலில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதை இழுத்தார்.

அதற்கு முந்தைய மழையில் ஒரு லயனின் படிக்கட்டில் வழுக்கி விழுந்திருந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். ஆனால் வலது முழங்கால் பழைய முழங்காலாகத் திரும்பவில்லை. கொஞ்சம் மடங்கும். உயரத் தூக்க முடியாது. சமவெளிக்காரர்கள் மலையில் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைப்பார்கள். முழங்கால் போனவர்களைக் கேட்டால் தெரியும், இறக்கம்தான் உயிரை எடுக்கும். உடம்பின் பாரம் முழுவதும் அந்த மூட்டில் வந்து உட்காரும். நர்சம்மாவின் ஊர்களோ ஒவ்வொன்றும் ஒரு மேட்டின் தலையில் இருந்தன.

மேலிடத்தில் அவர்மேல் இரக்கப்பட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலை கொடுப்பதாக முடிவாகியிருந்தது. மழை முடிந்ததும் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். ஊர் ஊராகப் போய் வர இவரால் முடிகிறது என்று அவருக்குத் தெரிந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு யாராவதாக இருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். வெயிலில்லாத அறை, மின்விசிறி, ஐந்து மணிக்கு வீடு. நானே அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ற கையில பொறந்ததுக எல்லாம் இங்க இருக்குதுங்க தம்பி. அங்க போயி ஃபைலுக்கா ஊசி போடறது?" என்றார். குரல் கொஞ்சம் தடுமாறியது. உடனே சமாளித்துக்கொண்டு, என் பட்டறைக் கூரை ஒழுகுவதைச் சுட்டிக்காட்டினார்.

"நீங்க இங்க இருக்கறதுக்கும் சைக்கிளுக்கும் என்னங்க சம்பந்தம், நர்சம்மா? நம்ம ஏத்தத்துல சைக்கிள யாருங்க மிதிக்கறது?"

"மிதிக்கறேன்னு யாரு சொன்னா? ஏத்தத்துல தள்ளிட்டுப் போறேன். புடிச்சு நடக்கறதுக்கு ஒரு ஆளு தொணைக்கு வர்ற மாதிரி. எறக்கம் வந்தா ஏறி உக்காந்துக்கறேன், அது என்னைத் தூக்கிட்டுப் போகட்டும். ஆனா இந்தக் கம்பியப் பாருங்க. ஒவ்வொரு எறக்கத்துக்கும் ஏறி எறங்கோணும். இதத் தாண்டி நான் எப்படிங்க காலப் போடறது? பின்னாடி ஐஸ் போட்ட தடுப்பூசிப் பெட்டி வேற கட்டியிருக்கும், சுத்திப் போடவும் முடியாது."

"கோயமுத்தூர்ல லேடீஸ் சைக்கிள் கெடைக்குதுங்களே."

"போயிப் பாத்துட்டுத்தான் வந்தேனுங்க. நேர் ரோட்டுல காலேஜு போற புள்ளைங்களுக்குச் செஞ்சது. கம்பி சாஞ்சிருக்குது, தாழல. பிரேக்கு நம்ம மழையில நிக்காது. கேரியரு என்ற பெட்டியத் தாங்காது."

சைக்கிள் கம்பெனிக்காரர்களையே விட்டுவைக்காதவர் என்னை விடுவாரா? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மேல் கம்பியை அறுத்துக் கீழே ஒன்று வைத்தால் முடிந்தது, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். கேட் செய்கிறவனுக்கு உலகமே கேட்தான். ஒரு பங்களா கேட்டில் மிஞ்சிய கனமான குழாயை எடுத்து, கேட்டுக்குக் குறுக்குச் சட்டம் கொடுக்கிற மாதிரியே சாய்த்து வைத்து, கரண்ட் வெல்டிங்கில் சடசடவென்று ஒட்டினேன். பச்சை பெயிண்ட் அடித்தேன். கேட்டுக்கு அடிக்கிற அதே பச்சை. பார்க்க லட்சணமாக இருந்தது.

நர்சம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பெல் எட்டவில்லை, பெடல் கிறீச்சிடுகிறது, பச்சை ரொம்பப் பச்சை என்று மூன்று குறை சொல்லிவிட்டுக் கொண்டுபோனார். கொஞ்ச நாளில், ஹேண்டில்பார் கழுத்தில் கயிறு சுற்றிக் கட்டிய அந்தச் சைக்கிளோடு மறுபடியும் வந்து நின்றார். அவரே விழாமல் வந்து சேர்ந்தது கர்த்தர் செயல்.

"ஏனுங்க தம்பி, உங்க கேட்டு ஒடஞ்சு போச்சுங்க" என்றார்.

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு ஊட்டி வரை கேட்டிருக்கும். எனக்கு முகம் செத்துப்போனது. வெல்டிங் நன்றாகத்தான் பிடித்திருந்தது, அதை ஒட்டிய இடத்தில்தான் குழாய் பிளந்திருந்தது. கேட்டின் சட்டம் இருந்த இடத்திலேயே நிற்கும். சைக்கிளின் மெல்லிய குழாய் ஒவ்வொரு கல்லுக்கும் நெளிந்து கொடுக்கும். கரண்ட் வெல்டிங்கின் சூடு அதன் உயிரை எடுத்துவிட்டிருந்தது. கேஸ் வெல்டிங் சுடரில் பதமாகச் சூடேற்றி, பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டியிருக்க வேண்டும். தெரியாததல்ல. கேட்டுக்கு யாரும் பித்தளை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை மொபெட்டைப் பார்த்துச் செய்தேன். நடுவில் தடியாக ஒரே ஒரு குழாய், நன்றாகத் தாழ்த்தி. யானை ஏறினாலும் வளையாது. நர்சம்மா சிரமமில்லாமல் காலை உள்ளே வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அவர் இறங்கி, ஊசிப் பெட்டிக்குள் என் பட்டறை வாசலில் கிடந்த கற்களைப் போட்டு நிரப்பினார். பெட்டியைப் பின்னால் கட்டி, கைப்பிடியை என்னிடம் நீட்டினார்.

"கட்டினவரு ஒருக்கா மார்க்கெட் வரைக்கும் தள்ளிட்டுப் போயிட்டு வாங்க."

தள்ளினேன். மேட்டில் பாதி தூரம் போவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. எருமையை மூக்கணாங்கயிறு இல்லாமல் இழுப்பது போல் இருந்தது. திரும்பி வருகையில் ஏறி உட்கார்ந்தால், சரிவில் வேகம் பிடித்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. கீழே வந்து சேர்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் என் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"எப்படிங்க?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள். அவர் உள்ளதைச் சொல்லக்கூட இல்லை, என்னையே சொல்ல வைத்துவிட்டார். "வேற நல்ல ஆளாப் பாத்துக்குங்க நர்சம்மா, நமக்கு இது ஒத்து வராதுங்க" என்று சுத்தியலைக் கீழே போட்டேன். அவர் அசையவில்லை. தோலை ஊதிவிட்டு இன்னொரு கடலையை உரித்தார்.

"வேற ஆளுகிட்டப் போனா மொதல்ல இருந்து கொறை சொல்லோணுமுங்க. உங்ககிட்டப் பாதி முடிஞ்சிருக்குது. மழ நிக்கறதுக்குள்ள மீதியும் சொல்லிப் போடறேன்."

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுத்தியலைக் குனிந்து எடுத்தேன். அன்றைக்குப் பிறகு அவர் குறைகளை நான் வசவாகக் கேட்பதை விட்டேன். நானே முந்திக்கொண்டு, "வேற?" என்று கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்க அவரிடம் இன்னும் ஊறியது. ஏற்றத்தில் தள்ளும்போது ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை எங்கே? சீட்டைப் பிடித்தால் குனிய வேண்டியிருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இடுப்புயரத்தில் ஒரு பிடி வைத்தேன். தெருத் தெருவாக நான் செய்த மாடிப்படிக் கைப்பிடிகளில் எதையும் அவ்வளவு மழமழப்பாக ராவியதில்லை. சரிவில் ஸ்டாண்டு போட்டால் வண்டி தானாக உருள்கிறது என்றார். பழைய டியூபில் ஒரு வளையம் அறுத்துக் கொடுத்தேன், பிரேக்கைப் பிடித்து அதன்மேல் மாட்டிவிட்டால் வண்டி நகராது. சேலை செயினில் மாட்டுகிறது என்றார். செயினுக்கு முழு மூடி வந்தது. சேலை சக்கரத்தில் போகிறது என்றார். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கிரில் அடித்தேன், அது நம் கைவந்த கலை.

பிரேக்தான் ஆட்டம் காட்டியது. மழையில் நனைந்த ரிம்மை ரப்பர் கட்டை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில், உடைத்துப் போட்டிருந்த ஒரு மொபெட்டின் முன்சக்கரத்து டிரம் பிரேக்கை வாங்கி வந்து சைக்கிள் ரிம்மில் பூட்டச் செய்தேன். அது சைக்கிள் ஃபோர்க்குக்குள் நுழையவில்லை. ஃபோர்க்கையே அகட்டிப் புதிதாகச் செய்தேன். பட்டறையில் இரண்டு கேட் வேலைகள் துருப்பிடித்துக் காத்துக் கிடந்தன. கேட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டால் நர்சம்மா அவர்களுடைய கேட்டில் குறை கண்டுபிடித்து அனுப்பி வைப்பார்.

சட்டம் மூன்றாவது முறை உருவானது. தடிக் குழாயைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பதிலாக இரண்டு மெல்லிய குழாய்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. முன்னால் ஹேண்டில்பார் கழுத்திலிருந்து கிளம்பி, தூளியைப் போல் நடுவில் நன்றாகத் தாழ்ந்து, பெடலை ஒட்டிப் போய், பின்சக்கரத்தின் அச்சு வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடின. மெல்லிய குழாயை வளைத்தால் நசுங்கும். ஆனால் பங்களா கேட்டுகளுக்குப் பூவேலை செய்தவனுக்கு அது ஒரு பொருட்டா? உள்ளே உலர்ந்த மணலை இறுக்கி அடைத்து, இரண்டு பக்கமும் கட்டையால் மூடி, சூடேற்றி வளைத்தேன். பித்தளை வைத்து ஒட்டினேன். தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வந்தது. பழகிய வேலையே கடைசியில் கை கொடுத்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

நர்சம்மா அதைத் தள்ளிக்கொண்டு மேடேறிப் போனார். அவர் தள்ளுகிறாரா, அது அவரைத் தாங்கிப் போகிறதா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. திரும்பி இறக்கத்தில் வந்தார். கிழங்கு மூட்டைக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பட்டறை வாசலில் சரியாக நிறுத்தி இறங்கி, "பெல்லு இப்பவும் எட்டலீங்க" என்றார்.

மழை நின்றது. அதிகாரி ஊட்டியிலிருந்து ஜீப்பில் வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். பிரேக்குக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று நர்சம்மா என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஓடைப்பாலத்துக்கு மேல் ஜீப் போகாது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே மண்பாதை செங்குத்தாக ஏறி ஹட்டிக்குப் போகும். நர்சம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னே போக, அதிகாரி அம்மா பின்னால் நடந்து போனார். நானும் ஜீப் டிரைவரும் பாலத்திலேயே நின்றோம்.

வெகுநேரம் கழித்து மேலே சைக்கிள் தெரிந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் நர்சம்மா இல்லை. அதிகாரி அம்மா!

கண்ணாடி மூக்கில் வழிய, சேலைத் தலைப்பு பறக்க, அவர் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து பாலத்தில் நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஸ்கூல்ல படிக்கறப்ப ஓட்டினது. ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமான்னு கேட்டேன், சரின்னாங்க" என்றார். கேட்டது மேலதிகாரி. நர்சம்மா எப்படி முடியாது என்று சொல்வார்?

அதிகாரி அம்மா திரும்பி மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

நர்சம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். பக்கவாட்டில் திரும்பி, தேயிலைச் செடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, மற்றதை இழுத்து. பிறகு நின்று மூச்சு வாங்கி, அடுத்த செடியைப் பிடித்து. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வாயைத் திறந்து வலியை வெளியே விட்டார். அந்தச் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது. அதிகாரி அம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

"எப்பவும் இப்படித்தான் இறங்குவாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு மட்டும் கால் சுளுக்கு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை. "சைக்கிள் இல்லேன்னா இப்படித்தானுங்க மேடம்" என்றேன். சொன்னதும், மேட்டுப்பாளையத்துக்கு அவரை நானே பஸ் ஏற்றிவிட்டதாகத் தோன்றியது.

அதிகாரி அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சைக்கிளைத் திருப்பி, மேலே தள்ளத் தொடங்கினார். டிரைவர் பதறி, "மேடம், நான் கொண்டு போறேன்" என்று ஓடினார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூச்சு இரைக்க இரைக்க அந்தச் செங்குத்தில் அவரே தள்ளிக்கொண்டு போய், நர்சம்மா நின்ற இடத்தில் சைக்கிளை நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டார்.

நர்சம்மா சைக்கிளைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். மலைச்சரிவில் குரல் தெளிவாக இறங்கி வந்தது.

"ஏனுங்க மேடம், எடது பக்கமா நின்னு தள்ளோணுமுங்க. நீங்க செயின் பக்கம் நின்னு, பாருங்க, சேலையெல்லாம் சேறு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அதிகாரி அம்மா சிரித்தார். வாய்விட்டு, குனிந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்சம்மா காலைத் தாழ்ந்த குழாய்களுக்கு மேலே சாதாரணமாக எடுத்து வைத்து உட்கார்ந்தார். இறங்கி வந்து எங்கள் முன்னால், பாலத்தின் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். முகம் வெளிறியிருந்தது.

அதிகாரி அம்மா நடந்து வந்து சேர்ந்தார். "மேட்டுப்பாளையத்துக்கு வேற யாரையாவது போடச் சொல்லிடறேன். நீங்க இங்கேயே இருங்க" என்றார்.

"வாய்வார்த்தை மல எறங்கறதுக்குள்ள மறந்துருமுங்க மேடம். எழுத்துல குடுத்துருங்க."

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து அந்த அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். நர்சம்மா அதைக் கடைசி எழுத்து வரை படித்தார். மடித்தார். எனக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. சங்கடமாக இருந்தாலும் அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க, ஜீப்புல கொண்டு போயி விட்டுடறேன்" என்றார் அதிகாரி.

"பெட்டியில ஐஸ் உருகிருமுங்க மேடம். அடுத்த ஊர்ல புள்ளைகளத் தூக்கிட்டு வந்து நின்னுட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, நர்சம்மா இடது பக்கமாக நின்று, ஒரு கையை ஹேண்டில்பாரிலும் ஒரு கையைச் சீட்டுப் பிடியிலும் வைத்து, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.